மார்பில் கட்டிய மல்லிகை

குமரி மாவட்டத் தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் குவியும் மல்லியும் பிச்சியும் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓணக் காலத்தில் திருவனந்தபுரத்துக்கும் போவதை எழுதாதவர் இல்லை. 2025-ல் அவ்வூரில் கட்டும் மாணிக்கமாலை என்னும் பூமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்தப் பெருமை இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் அதே மல்லிகைக்குப் பேறு நடந்த வீட்டில் இருந்த வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. பிள்ளை தங்காத வீட்டிலும், பால்குடி மறக்கடிக்க வேண்டிய வீட்டிலும், தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு இறுகி வலிக்கும்போது, பூவைச் சரத்தோடு மார்பில் வைத்துக் கட்டுவது தென்னிந்தியப் பாட்டி வைத்தியம். துக்க வீட்டில் கூந்தலுக்கு ஆகாத பூ, மார்புக்கு ஆயிற்று.

இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளாமலும், முன்னோர் ஞானம் என்று கூத்தாடாமலும், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவித்த பெண்களில் ஒரு சாராருக்கு மல்லிகை, மற்றவருக்கு அன்று புகழ்பெற்றிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை. பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் இரு சாராருக்கும் இரத்தத்தில் குறைந்தது; மாத்திரையால் கூடுதலாகவே குறைந்தது. ஆயினும் பால் கட்டுதல், பால் சுரப்பு, வலி மாத்திரையின் தேவை ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் பூ மாத்திரைக்குச் சளைக்கவில்லை; மாத்திரை உண்டவர்களில் சிலருக்கு மட்டும் நின்ற பால் மறுபடி சுரந்தது. மலிவான பூவை, மருந்து கிடைக்காத இடங்களில் நம்பலாம் என்று அவர்கள் அடக்கமாக முடித்தார்கள்.

மாத்திரையின் வழி தெளிவானது. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டினைத் தானாகவே சுரக்க முனைவது. மேலிருந்து வரும் டோபமின் என்னும் வேதிப்பொருள், பேச்சிப்பாறை அணையின் மதகைப் போல, அதைத் தடுத்து வைக்கிறது. டோபமினைப் போல நடித்து அதே தடுப்பைச் செய்யும் மருந்துகளே டோபமின் ஏற்பி ஊக்கிகள். இவற்றில் புரோமோகிரிப்டின் போன்றவற்றின் மூதாதை ஒரு தானியப் பூசணம். அதன் உறவினம்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள வானம் பார்த்த சீமைகளில் கம்புக் கதிரைத் தாக்கும் தேன் ஒழுகல் நோய்க்குக் காரணம். அந்தக் கதிரைத் தின்ற பன்றிகளுக்குப் பால் வற்றியதை ஆப்பிரிக்காவில் கண்டிருக்கிறார்கள். நஞ்சிலிருந்து மருந்து பிறந்த கதைகளில் இதுவும் ஒன்று.

பால் வற்றவைக்கும் வேலையில் புரோமோகிரிப்டினின் புகழ் நீடிக்கவில்லை. பிரசவித்த பெண்களில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுதல், பக்கவாதம், மாரடைப்பு நேர்ந்ததாக வந்த செய்திகளால், 1990-களின் நடுவில் அமெரிக்காவில் அந்தப் பயன்பாடு கைவிடப்பட்டது. தானாக வற்றக்கூடிய பாலுக்கு அத்தனை ஆபத்து தேவையில்லை என்பது நியாயமான தீர்ப்பு.

இவ்வகை மருந்துகளின் உரிய இடம் வேறு. பிட்யூட்டரியில் புரோலாக்டின் சுரக்கும் சிறு கட்டி வந்தால் மாதவிலக்கு நிற்கலாம், பிள்ளை பெறாதவளுக்கும் பால் வரலாம், ஆணுக்கு இச்சை குன்றலாம். இதற்கு இவ்வகையில் இன்று பெரும்பாலும் தரப்படும் கேபர்கோலின் உடலில் நெடுநேரம் தங்குவதால் வாரம் இரு முறை போதும். அறுவை இல்லாமலே கட்டி சுருங்குவது வழக்கம். சிறிய அளவில் தொடங்கி, இரவில் சாப்பிட்டபின் விழுங்கினால் குமட்டலும், எழும்போது வரும் தலைசுற்றலும் குறையும். பார்க்கின்சன் நோய்க்கு மிகுந்த அளவில் உண்டவர்களில் சிலருக்கு இதய வால்வு தடித்தது. ஹார்மோன் கோளாறுக்கு அளவு சிறிதாகையால் அந்த ஆபத்தும் குறைவுதான், என்றாலும் அளவு கூடி ஆண்டுகள் நீண்டால் எக்கோ பரிசோதனை வேண்டும். அடக்கமான ஆள் திடீரென்று சூதாட்டத்திலோ கண்மண் தெரியாத செலவிலோ இறங்கினால் அது குணக்கேடாக இல்லாமல் மருந்தின் வேலையாகவும் இருக்கலாம் என்பதை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். கருத்தரித்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

புரோலாக்டின் கூடினாலே கட்டி என்று முடிவுகட்டுவது அவசரம். தைராய்டு குறைந்தாலும் அது ஏறும். மனநோய் மருந்துகள் சிலவும், வயிற்றுக்கென்று சர்வசாதாரணமாக விழுங்கப்படும் டாம்பெரிடோனும் டோபமினின் வேலையைத் தடுத்து அதை ஏற்றும். ஆகவே மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ‘கேஸ்’ மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துச் சென்று காட்டுவது நல்லது.