பன்னிரண்டாவது ஆள்

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு கைல் ஃபீல்டு என்று பெயர். அதன் வடக்குப் பக்கம், வெளியே, சில நாய்களின் கல்லறைகள் இருக்கின்றன. முதலாம் ரெவெலி, இரண்டாம் ரெவெலி, மூன்றாம் ரெவெலி என்று ராஜவம்சத்துக்குப் போடுகிற மாதிரி வரிசை எண்கள். உள்ளே இருக்கும் ஸ்கோர் போர்டைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்றுதான் அவற்றை அங்கே புதைத்தார்கள். பிறகு அந்தப் பக்கத்துக் கேலரியை உயர்த்திக் கட்டியபோது போர்டு மறைந்துவிட்டது. அதற்காகக் கல்லறைகளுக்கு எதிரே தனியாக ஒரு சின்ன ஸ்கோர் போர்டை மாட்டியிருக்கிறார்கள். ஆட்ட நாளில் உள்ளே புள்ளி ஏறினால் இங்கேயும் ஏறும்.

"இதைப் பார்த்து முதல்ல எல்லாரும் சிரிப்பாங்க மாமா. ஒரு சீசன் இங்க இருந்துட்டா சிரிக்க மாட்டாங்க" என்றான் அக்கா மகன். அங்கே முதுகலைப் பொறியியல் படிக்கிறான். அவனைப் பார்க்கத்தான் ஹூஸ்டனிலிருந்து வடமேற்கே சுமார் 150 கிலோமீட்டர் காரில் போயிருந்தேன்.

முதல் ரெவெலி தெருநாய். 1931இல் சில மாணவர்கள் இரவில் காரில் திரும்பும்போது அதன்மேல் வண்டி மோதிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து விடுதி அறையில் ஒளித்து வைத்தார்கள். காலையில் துயிலெழுப்பும் ஊதுகுழல் ஒலித்ததும் அது குரைத்தது. அந்த ஊதலின் பெயரே நாய்க்கும் வந்தது. 1944இல் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இன்றைய ரெவெலி கோலி (Collie) இனத்து நாய். மாணவர் படைப்பிரிவில் அதற்குத்தான் மிக உயர்ந்த பதவி. அது ஒரு மாணவனின் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் அவன் தரையில்தான் தூங்க வேண்டும்.

ஊரின் பெயர் காலேஜ் ஸ்டேஷன். 1876இல் விவசாயத்துக்கும் இயந்திரவியலுக்குமான கல்லூரியாக இந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை. கல்லூரிக்காக ரயில் நின்ற இடம்தான் பிறகு ஊரானது. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே படித்தார்கள். எல்லோருக்கும் ராணுவப் பயிற்சி கட்டாயம். 1963இல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1965இல் ராணுவப் பயிற்சி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்று 70,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் கணிசம். சீருடை அணிபவர்கள் மிகச் சிறிய பகுதிதான். ஆனால் இந்த இடத்தின் நடை உடை பாவனை எல்லாவற்றிலும் அந்தப் பழைய படைமுகாம் இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு பன்னிரண்டு மணிக்கு மைதானத்துக்கு அழைத்துப் போனான். ஆட்டம் மறுநாள். முந்தைய நள்ளிரவில் வெறும் முழக்கப் பயிற்சிக்காகவே பல்லாயிரம் பேர் வந்து கூடியிருந்தார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களில் இருப்பதுபோலக் குட்டைப் பாவாடைக் குழுவோ பாம்பாமோ இங்கே கிடையாது. மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் முழக்கத் தலைவர்கள். அவர்கள் கையால் ஒரு சைகை காட்டுகிறார்கள். முதல் வரிசை அதை அப்படியே திருப்பிக் காட்ட, அடுத்த வரிசை அதற்கடுத்த வரிசைக்குக் காட்ட, சில நொடிகளில் சைகை மேல்தளம்வரை ஏறிவிடுகிறது. உடனே எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்து, கைகளை முழங்காலுக்கு மேல் ஊன்றி, அடிவயிற்றிலிருந்து ஒரே குரலில் கத்துகிறார்கள். என் அருகில் நின்ற ஒரு பெண், பதினெட்டு வயதிருக்கும், நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, கையை எங்கே வைக்க வேண்டும் என்று தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். குனிந்து கத்தினால் குரல் நெஞ்சிலிருந்து வருவதை உடனே உணர முடிந்தது.

மறுநாள் மாணவர் பகுதியில்தான் எங்களுக்கு இடம். உள்ளே போகும்போதே "மாமா, உட்காரக் கூடாது. ஆட்டம் முடியுறவரைக்கும் நிக்கணும். முட்டி வலிச்சா சொல்லுங்க, அந்தப் பக்கம் மாத்திக்கலாம்" என்று எச்சரித்தான். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த நிற்றலுக்கு ஒரு கதை உண்டு. 1922 ஜனவரி 2 அன்று டல்லாஸில், அப்போது நாட்டின் வலிமையான அணிகளில் ஒன்றாக இருந்த சென்டர் கல்லூரியோடு ஏ அண்ட் எம் மோதியது. ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டு வெளியேறினார்கள். மாற்று ஆட்கள் தீர்ந்துவிடும் நிலை. பயிற்சியாளர் டானா பைபிளுக்கு கிங் கில் என்ற மாணவரின் நினைவு வந்தது. கில், கால்பந்து அணியை விட்டுக் கூடைப்பந்துக்குப் போயிருந்தவர். அன்றைக்குப் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து, களத்தில் யார் யார் என்று நிருபர்களுக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் இறங்கி வந்தார். அடிபட்ட ஒருவரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லைக்கோட்டுக்கு வெளியே தயாராக நின்றார். ஏ அண்ட் எம் 22-14 என்று வென்றது. கில் கடைசிவரை களத்தில் இறங்கவே இல்லை.

இறங்காத அந்த மனிதருக்குத்தான் மைதானத்தின் வாசலில் சிலை வைத்திருக்கிறார்கள். ஓர் அணிக்குக் களத்தில் பதினொரு பேர். பன்னிரண்டாவது ஆள் மாணவர் கூட்டம். கூப்பிட்டால் நானும் வருவேன் என்று காட்டத்தான் அத்தனை பேரும் ஆட்டம் முழுக்க நிற்கிறார்கள். இன்றும் அணியில் 12ஆம் எண் பனியன், உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்த ஒரு மாணவனுக்கே போகிறது. கோப்பைகளையும் கோல்களையும் கொண்டாடும் மைதானங்கள் உலகெங்கும் உண்டு. தயாராக நின்றதைக் கொண்டாடும் மைதானம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கைல் ஃபீல்டில் 1,02,733 பேர் பார்க்கலாம். பல்கலைக்கழகப் பாடல் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவர் தோளில் கைபோட்டு, வரிசைக்கு வரிசை எதிர்த்திசையில் சாய்ந்தாடுகிறார்கள். காலடியில் காங்கிரீட் அசைவதை என் செருப்பு வழியே உணர்ந்தேன். அந்தப் பாடல் 1918இல் ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் காவலுக்கு நின்ற பழைய மாணவர் ஒருவர் எழுதியது. அதில் சொந்தப் பெருமையைவிட எதிரியைப் பற்றிய பேச்சே அதிகம். எதிரி, ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம்.

இந்தப் பகை 1894இல் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே டெக்சாஸ் 38-0 என்று நசுக்கியது. 2024 வரையிலான 119 ஆட்டங்களில் டெக்சாஸுக்கு 77 வெற்றி, ஏ அண்ட் எம்முக்கு 37, சமன் 5. இந்தக் கணக்கைக் காலேஜ் ஸ்டேஷனில் யாரும் தானாகச் சொல்வதில்லை. பதிலாக 1915இல் 13-0 என்று வென்ற கதையைச் சொல்வார்கள். டெக்சாஸின் சின்னம் நீளக் கொம்பு மாடு. அதற்கு பீவோ என்று பெயர். 1917இல் ஏ அண்ட் எம் மாணவர்கள் ரகசியமாக ஆஸ்டினுக்குப் போய், அந்த மாட்டின்மேல் 13-0 என்று சூடு போட்டுவிட்டு வந்தார்கள். பாவம், அந்த மாடு 1920இல் விருந்தாகவே ஆகிவிட்டது. அந்த விருந்துக்கு ஏ அண்ட் எம்காரர்களையும் அழைத்து, சூடு போட்ட பக்கத்துத் தோலை அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்பியது டெக்சாஸ். இரண்டு தரப்பின் குணத்தையும் இந்த ஒரு கதையில் பார்க்கலாம். வாயில்லா ஜீவனுக்குச் சூடு போட்டதை என்னால் ரசிக்க முடியவில்லை. தோலைக் கொடுத்தனுப்பியதை ரசித்தேன்.

டெக்சாஸோடு மோதும் வாரம் வந்தால் இங்கே பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். 1909 முதல் வளாகத்திலேயே அது நடந்தது. மாணவர்களே காட்டுக்குப் போய் மரம் வெட்டி, நடுக்கம்பத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான கட்டைகளை அடுக்கடுக்காக நிறுத்தி, கம்பியால் கட்டுவார்கள். 1963இல் ஜான் கென்னடி கொல்லப்பட்டபோது மட்டும் கட்டியதைக் கொளுத்தாமல் பிரித்துவிட்டார்கள். 1969இல் அதன் உயரம் 109 அடியைத் தாண்டியது. பிறகு 55 அடி என்று வரம்பு வைத்தார்கள்.

1999இல் அது 59 அடி. நவம்பர் 18, அதிகாலை 2.42 மணி. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மொத்தமும் சரிந்தது. 11 மாணவர்களும் ஒரு முன்னாள் மாணவரும் இறந்தார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். விசாரணைக் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. கட்டைகளுக்குள் ஏறிய அழுத்தத்தைத் தாங்கும் கட்டுமானம் இல்லை. எழுதிவைத்த வடிவமைப்பு என்று ஒன்றும் இருந்ததில்லை. சீனியர் சொல்லி ஜூனியர் கற்றதுதான். பொறியியலுக்குப் பேர் போன ஒரு பல்கலைக்கழகத்தில், அத்தனை பொறியாளர்கள் நடுவே, பல பத்தாண்டுகளாக ஒரு மலையை வாய்வழி மரபில் கட்டியிருக்கிறார்கள். நிர்வாகம் அதைப் பிறகு வளாகத்தில் நடத்த விடவில்லை. மாணவர்களில் ஒரு சாரார் வெளியே தனியார் நிலத்தில் நடத்துகிறார்கள். நிறுத்தியதுதான் சரி என்பேன். அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் எந்த மரபுக்கும் முன்னுரிமை கிடையாது.

சரிந்த இடத்தில் 2004இல் நினைவிடம் எழுப்பினார்கள். பெரிய வட்டம்; அதில் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் அந்தப் பிள்ளையின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்க்கிறது. இடையே காயமடைந்தவர்களுக்காக 27 கற்கள். வாசலுக்குள் வெண்கலத் தகட்டில் முகம், அவர்களுடைய கையெழுத்து, வாழ்க்கையைப் பற்றிச் சில வரிகள். ஒரு கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். பரீட்சைத் தாளில் அவசரமாகப் போடுகிற மாதிரி, கடைசி எழுத்தை இழுத்துவிட்ட கையெழுத்து. அக்கா மகன் கொஞ்சம் தள்ளியே நின்றான். அவன் பிறந்த வருடத்துக்குச் சற்று முன்னால் நடந்தது அது.

விபத்து நடந்து எட்டு நாள் கழித்து, நவம்பர் 26 அன்று, கைல் ஃபீல்டில் டெக்சாஸோடு ஆட்டம் நடந்தது. அதற்கு முன் ஆஸ்டினில், ஏ அண்ட் எம்மைச் சபிக்க ஆண்டுதோறும் கூட்டும் பேரணியையே அஞ்சலிக் கூட்டமாக மாற்றியிருந்தார்கள். இடைவேளையில் டெக்சாஸ் வாத்தியக் குழு களத்துக்கு வந்து இரங்கல் இசை வாசித்தது. தங்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு நின்றது. ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது. அந்த நாளைப் பற்றிப் பேசிய எவரும் புள்ளியை முதலில் சொல்லவில்லை, தொப்பியைத்தான் சொன்னார்கள்.

இறந்தவர்களை நினைப்பது இங்கே ஒருநாள் விஷயமல்ல. படிக்கும் மாணவர் யாராவது இறந்தால், அடுத்து வரும் மாதத்தின் முதல் செவ்வாய் இரவு 10.30க்கு விளக்குகளை அணைத்து, வளாகத்தின் நடுவே கூடுகிறார்கள். துப்பாக்கி மரியாதைக்குப் பின் ஊதுகுழல் வடக்கு, தெற்கு, மேற்கு நோக்கி மூன்று முறை ஒலிக்கும். கிழக்கு நோக்கி ஊதுவதில்லை. அவருக்கு இனிச் சூரியன் உதிக்காது. ஏப்ரல் 21 அன்று உலகெங்கும் பழைய மாணவர்கள் கூடி, அந்த ஆண்டு மறைந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது, அவருக்காக நண்பரோ உறவினரோ 'உள்ளேன்' என்று பதில் சொல்வார்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் அந்த எதிரியும் இல்லாமல் போனது. 2011இல் டெக்சாஸ் தனக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. பண விவகாரத்தில் கசந்து, ஏ அண்ட் எம் 2012இல் வேறு போட்டிக் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. 2011 நவம்பர் 24 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில், கடைசி நொடி உதையில் டெக்சாஸ் 27-25 என்று வென்றது. அதன்பின் பன்னிரண்டு சீசன்கள் இரண்டும் மோதவே இல்லை. அத்தனை காலமும், யாரோடு ஆடினாலும், கைல் ஃபீல்டில் டெக்சாஸைத் திட்டும் அதே பாடலைத்தான் பாடினார்கள். 2024இல் டெக்சாஸும் அதே கூட்டமைப்புக்கு வந்து சேர்ந்தது. நவம்பர் 30 அன்று மீண்டும் மோதினார்கள். டெக்சாஸ் 17-7 என்று வென்றது.

நான் பார்த்த ஆட்டம் வேறு அணியோடு. ஏ அண்ட் எம் தோற்றது. கூட்டம் கலையவில்லை. தோற்றால் அடுத்த வார ஆட்டத்துக்கான முழக்கத்தை அங்கேயே ஒருமுறை பயிற்சி செய்துவிட்டுத்தான் மாணவர்கள் வெளியேறுவார்களாம். நானும் குனிந்து கத்தினேன்.

தொலைக்காட்சி ஒப்பந்தங்களுக்காக அமெரிக்கக் கல்லூரிகள் நூறாண்டுப் பகைகளைத் தூக்கிப் போடுவது இன்னும் நடக்கிறது. பகைக்குத் தொப்பி கழற்றத் தெரிந்த இரண்டு பல்கலைக்கழகங்களைப் பணத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் பிரித்து வைத்தது பெரிய தவறு. அது மறுபடி நடக்கக் கூடாது. ஹூஸ்டனுக்கோ டல்லாஸுக்கோ பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒருநாள் காலேஜ் ஸ்டேஷனுக்குப் போய்வாருங்கள். ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் நினைவிடத்துக்குக் கட்டணம் கிடையாது. மாணவர் மையத்தைச் சுற்றியுள்ள புல்வெளி போரில் இறந்த மாணவர்களுக்கானது. அதில் கால் வைக்காதீர்கள், மையத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.