ஒன்பதாயிரம் ரூபாய் புயல்

200 டாலர். 2005-ல் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். ஆக, 9,000 ரூபாய்.

இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான், மெக்ஸிகோ நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில், மூன்றாங்கிளாஸ் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், என் ஐந்தடி பத்தங்குல உடம்பை மடித்து வைத்துக்கொண்டு நாலைந்து ராத்திரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மனைவி. அவள் என்னோடு பேசி ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

அப்போது எனக்கு டல்லஸில் வேலை. கல்யாணமாகி எட்டு மாசம். "ஹனிமூன் ஹனிமூன்னு சொல்லிட்டு ஷாப்பிங் மாலைத்தானே சுத்திக் காட்டினீங்க?" என்று இவள் ஆரம்பித்தபோது, ரோஷப்பட்டு கான்கூனுக்கு டிக்கெட் போட்டேன். மெக்ஸிகோவின் கிழக்கு ஓரம், கரீபியன் கடல், வெள்ளை மணல், நீலத் தண்ணீர். அக்டோபர் 15 சனிக்கிழமை போய், 21 வெள்ளிக்கிழமை திரும்புவது. மூன்று வேளை சாப்பாடும் சேர்த்து அடிமாட்டு விலை!

ஏன் இவ்வளவு மலிவு என்று யோசித்திருக்க வேண்டும். அட்லாண்டிக்கில் புயல் சீசன் ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரை. நம்மூரில் ஆடித் தள்ளுபடி மாதிரி அங்கே புயல் தள்ளுபடி.

நாங்கள் போய் இறங்கிய அதே சனிக்கிழமை, ஜமைக்காவுக்குப் பக்கத்துக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. எங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ரிசார்ட் என்பதே செய்தி வராமல் பார்த்துக்கொள்ளக் காசு வாங்குகிற இடம். ரூமில் டி.வி-யைப் போட்டால் ரிசார்ட்டையே காட்டினார்கள். கீழே போனால் இளநீரில் குடை குத்திக் கொடுத்தார்கள். திங்கள்கிழமை அந்த மண்டலம் புயலாகி அதற்கு வில்மா என்று பெயர் வைத்ததுகூட, செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்தில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் தெரிந்தது.

உடனே மூளை வேலை செய்தது. பயண இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால்? போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்: "சார், புயலுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இனிமேல் எடுக்கிற பாலிசியில் அந்தப் புயலுக்கு ஒன்றும் கிடைக்காது." பிள்ளைக்குப் பேர் வைத்தபின் வளைகாப்பு கேட்ட மாதிரி ஆகிவிட்டது.

புதன்கிழமை காலை. ஹோட்டலில் கம்ப்யூட்டர் வைத்த அறை ஒன்று இருந்தது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு. இ-மெயில் பார்க்கப் போன இவள் முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

மயாமியில் இருக்கும் அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம் வெளியிட்ட அறிக்கை. முந்தின நாள் சாதாரணப் புயலாக இருந்தது, 24 மணி நேரத்தில் கேட்டகரி 5. காற்று மணிக்கு 295 கிலோமீட்டர் வரை போயிருந்தது. மைய அழுத்தம் 882 மில்லிபார். அட்லாண்டிக்கில் அதற்கு முன்னும் சரி, இன்று வரையிலும் சரி, அதற்குக் கீழே அளக்கப்பட்டதில்லை. 1988-ல் இதே கான்கூனைப் புரட்டிப் போட்ட கில்பர்ட் கூட 888-தான்.

என் மனைவி நாகப்பட்டினத்துப் பெண். 1977 நவம்பர் 12-ம் தேதி அடித்த புயலில், கைக்குழந்தையான இவளைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்கக் கோயில் மண்டபத்தில் நின்ற கதையை மாமியார் எனக்கே நாலு தடவை சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போன் போட்டோம்.

"மாப்பிள்ளை, அங்க வெயிலடிக்குதா?"

"சூப்பரா அடிக்குதுங்க அத்தை. மேகமே இல்லை."

"அப்பக் கிளம்பிடுங்க. முந்தின நாளு அப்படித்தான் அடிக்கும்."

ஏர்லைன்ஸுக்குப் போன் செய்தேன். அன்று சாயங்காலமே இரண்டு சீட் இருந்தது. தேதி மாற்ற ஆளுக்கு 100 டாலர்.

அடியேன் ஆபீஸில் பட்ஜெட் ஷீட் போடுகிறவன். போட்டேன். 200 டாலர் போகும். ஏற்கெனவே காசு கட்டின இரண்டு ராத்திரி போகும். ரிசப்ஷனில் போய்க் கேட்டேன். அந்தப் பையன் சிரித்தபடி, "ஜூலையில் எமிலி வந்தது சார். சில மணி நேரம். மறுநாள் வெயில்!" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. எமிலியும் பெரிய புயல்தான். விறுவிறுவென்று கடந்து போய்விட்டது. தவிர, எங்கள் விமானம் வெள்ளிக்கிழமை. வில்மாவும் வெள்ளிக்கிழமை வாக்கில்தான் வருகிறாள். முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம்.

"இருக்கலாம்" என்றேன்.

இவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஆரம்பம்.

அன்றைக்கு எங்கள் கரைக்கு 'ஹரிக்கேன் வாட்ச்' போட்டிருந்தார்கள். வாட்ச் என்றால் வந்தாலும் வரலாம். 'வார்னிங்' என்றால் வருகிறது. அப்போதெல்லாம் வாட்ச் 36 மணி முன்னால், வார்னிங் 24 மணி முன்னால். 2010-லிருந்து அதை 48, 36 என்று கூட்டிவிட்டார்கள். எனக்கு இதில் பிடிபடாத விஷயம் ஒன்று. இந்த மணிக்கணக்கைப் புயலின் கண் கரையைத் தொடும் நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை! வெளியே நின்று வேலை பார்க்க முடியாத அளவு காற்று ஆரம்பிக்கிறதே, அதற்கான கணக்கு. அதற்குள் பலகை அடிப்பவர் அடித்து முடிக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகிறவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் புயலுக்கு வெள்ளிக்கிழமை விமானம் எப்படி இருக்கும்? இதைப் புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிப்பு தேவையில்லை. எனக்கு இருந்தும் புரியவில்லை.

வியாழக்கிழமை காலை கேட்டகரி 4 ஆகக் குறைந்துவிட்டது என்றார்கள். "பாத்தியா, குறைஞ்சிடுச்சு!" என்று இவளிடம் வெற்றிப் புன்னகை பூத்தேன். பதில் இல்லை. ஏர்லைன்ஸுக்குப் போன் செய்தேன். சீட்டும் இல்லை.

மத்தியானம் ஹோட்டல் வாசலில் பஸ்கள் வந்து நின்றன. கான்கூனின் ஹோட்டல்கள் இருப்பது ஒரு நீளமான மணல் திட்டில். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் நிச்சுப்தே என்ற உப்பங்கழி. கடல் பொங்கினால் இரண்டு பக்கமும் தண்ணீர். எத்தனை நட்சத்திர ஹோட்டலானாலும் அங்கே யாரும் தங்கக் கூடாது, எல்லோரும் நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு சாண்ட்விச்.

நான் எடுத்து வைத்தவை: கேமரா, லேப்டாப், ஷேவிங் செட். இவள் எடுத்து வைத்தவை: பாஸ்போர்ட்டுகள் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், டார்ச், பேட்டரி, ஆறு பாட்டில் தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம், ஷூ. முதல் நாளே என் கார்டைப் போட்டுப் பெசோ நோட்டாக எடுத்து வைத்திருந்தாள். கரண்ட் போனால் ஏ.டி.எம்-மும் போகும், கார்டும் வெறும் பிளாஸ்டிக் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் எடுத்து வந்ததில் பிரயோஜனப்பட்டது ஒன்றுகூட இல்லை. லேப்டாப் பை மட்டும் தலைக்கு உயரமாக வைத்துக்கொள்ள உதவியது.

வகுப்பறையில் முப்பது பேர் இருப்போம். ஜன்னல்களில் வெளியிலிருந்து பலகை அடித்திருந்தார்கள். டெக்ஸாஸில் கால்வெஸ்டன் என்ற கடலோர ஊர்க்காரர் ஒருவர், எழுபது வயசு, கையில் பேட்டரி டிரான்சிஸ்டர். அதில் வருவதெல்லாம் ஸ்பானிஷ். எங்களோடு வந்திருந்த ஹோட்டல் பெண் ஒருத்தி அதை இங்கிலீஷில் சொல்வாள். தாத்தா என்னைக் கூப்பிட்டு சாக்பீஸைக் கையில் கொடுத்தார்.

"போர்டில் எழுது. நேரம், எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது."

"காற்று வேகம்? கேட்டகரி?" என்றேன்.

"அது உன் ஹோட்டல் ஜன்னலுக்கு. உனக்கு இந்த நாலும்தான்."

அப்புறம் பொறுமையாக விளக்கினார். கேட்டகரி காற்றை மட்டும் சொல்லும். மழை எவ்வளவு, கடல் எவ்வளவு ஏறும், எத்தனை மணி நேரம் இருந்து அடிக்கும் என்பதெல்லாம் அதில் இல்லை. மயாமியிலிருந்து 6 மணிக்கு ஒரு தடவை முழு அறிக்கை வரும். வாட்ச், வார்னிங் போட்டுவிட்டால் நடுவில் 3 மணிக்கு ஒரு தடவையும் வரும். படத்தில் போடுகிறார்களே கூம்பு, அது புயலின் அகலம் இல்லை. புயலின் மையம் போகக்கூடிய பாதை. மூன்றில் ஒரு தடவை மையம் அதற்கு வெளியேயும் போகும். நான் புதன்கிழமை கம்ப்யூட்டரில் அந்தக் கூம்பைப் பார்த்துவிட்டு, "நாம ஓரத்துலதான் இருக்கோம்" என்று இவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேசத்தான் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தீவான கோசுமெல்லில் வில்மா கரையேறினாள். நான் போர்டில் எழுதினேன்: வேகம் மணிக்கு 5 மைல். அப்புறம் அதுவும் குறைந்தது. மெரினாவில் காலையில் வாக்கிங் போகிற மாமாக்கள் இதைவிட வேகம்! எமிலியைப் போல ஓடிப்போவாள் என்று நான் கணக்குப் போட்ட புயல், எங்கள் தலைமேல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கடைக்காரர் ராத்திரி இரும்பு ஷட்டரை இழுத்து மூடுவாரே, அந்தச் சத்தம். ஆனால் ஷட்டர் மூடி முடியவே இல்லை. ராத்திரி, மறுநாள் பகல், சாயங்காலம். கதவிடுக்கில் தண்ணீர் வந்தது. கரண்ட் எப்போதோ போயிருந்தது. இரண்டு டாய்லெட், முப்பது பேர். அதைப் பற்றி எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்.

நடுராத்திரிக்குமேல் சட்டென்று காற்று அடங்கியது. இரண்டு அமெரிக்கப் பையன்கள் கேமராவோடு கதவைத் திறக்கப் போனார்கள். நானும் எழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஹோட்டல் பெண் ஓடிவந்து கதவுக்குக் குறுக்கே நின்று கத்தினாள். கண் பகுதி எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அது நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து காற்று அடிக்கும். அப்போது என் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உக்காருங்க."

இரண்டரை நாளுக்கப்புறம் வந்த முதல் வார்த்தை. உட்கார்ந்தேன். அந்தக் கையை அப்புறம் அவள் எடுக்கவில்லை. காற்று மறுபடி ஆரம்பித்தபோது நான்தான் நடுங்கினேன். "எங்கம்மா என்னைத் தூக்கிட்டு நின்னப்ப அவங்களுக்கு இருபது வயசுங்க" என்று சொன்னாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ராத்திரி வில்மா கடலுக்குள் இறங்கி ஃப்ளோரிடா பக்கம் போனாள். எதிரே இருக்கும் முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். அப்படியும் மெக்ஸிகோவில் உயிரிழப்பு பத்தைத் தொடவில்லை. பஸ் வைத்து எங்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அதனால். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த டாய்லெட்டைத் திட்டினவன், இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்று நாள் கழித்து ஹோட்டலில் விட்ட பெட்டியை எடுக்கப் போனோம். ஹோட்டல் நின்றது. பீச்சைக் காணோம்! மணல் போய் வெறும் பாறை. (2006-ல் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டிப் புதுசாகப் பீச் செய்தார்கள்.) எங்கள் ரூமில் ஜன்னல் இருந்த இடத்தில் ஆகாயம். கட்டில்மேல் கண்ணாடித் தூள். நான் வெள்ளிக்கிழமை வரை படுத்திருக்க நினைத்த கட்டில்.

விமான நிலையம் திறந்தபாடில்லை. பெசோ நோட்டு கையில் இருந்ததால் பஸ்ஸில் இடம் கிடைத்தது. தண்ணீர் நின்ற ரோட்டில் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி மெரிடா நகரம் போய், அங்கிருந்து புது டிக்கெட் வாங்கி டல்லஸ் வந்து சேர்ந்தோம். என்ன செலவானது என்று பட்ஜெட் ஷீட் போடவில்லை.

இப்போது எங்கே லீவுக்குக் கிளம்பினாலும் டிக்கெட் போடுவது இவள்தான். தேதி மாற்ற முடிகிற டிக்கெட். டிக்கெட் போடும் அன்றே இன்ஷூரன்ஸ். நான் பெட்டி தூக்குவதோடு சரி.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி. டல்லஸ் திரும்பி ஒரு மாசம் கழித்து, காசு ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று ஏர்லைன்ஸுக்குப் போன் செய்தேன். அந்த ஆள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஆனால் சார், 19-ம் தேதி புதன்கிழமை சாயங்காலமே கான்கூன் பயணிகளுக்குத் தேதி மாற்றும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டோமே? நீங்கள் காலையில் மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள்."

இதை இன்று வரை இவளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் புத்தகம் வீட்டுக்கு வந்ததும் முதலில் நான் எடுத்துவிட வேண்டும்.