அப்பாவின் இடுப்புக் கொக்கி

எங்க அப்பா எலக்ட்ரீஷியன். ஒரு கையில் பேட்டரி டிரில்லிங் மெஷினோடுதான் ஏணி ஏறுவார். ஏணியைப் பிடிக்க மிச்சம் ஒரே கை! மெஷின் 1.5 கிலோ தேறும். 3 மீட்டர் உயரத்திலிருந்து நழுவினால், தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். அறிவியல் பாடச் சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். லீவு நாளில் கீழே ஏணியைப் பிடிச்சுட்டு நிக்கிறதும் நான்தான்.

அதனால் 6 எம்.எம். கம்பியைக் கவட்டை போல வளைத்து, பெல்ட்டில் மாட்ட ஒரு கொக்கி செய்தோம். மெஷினின் கைப்பிடி இடுக்கில் இறங்கும், மோட்டார் பகுதி மேலே உட்காரும். வாய் அகலமா இருந்தா எடுக்க சுலபம், ஆனா குனிஞ்சா வழுக்கிடும். "பாக்காமலே மாட்டணும், பாக்காமலே எடுக்கணும், தானா மட்டும் வரக்கூடாது" என்றார் அப்பா. இந்த மூணும் சேர்றதுதான் கஷ்டம். நுனிகளைக் கொஞ்சம் மேலே தூக்கி வளைத்தோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி உறை போட்டதும் வழுக்கல் நின்றது. கம்பி சுவிட்ச்சை அமுக்கிடுமோ என்று எனக்குப் பயம். திசை மாற்றும் பட்டனை நடுவில் வைத்தால் சுவிட்ச் அமுங்காது என்று அப்பா காட்டினார். பிட்டையும் கழற்றிவிட்டுத்தான் மாட்டுவார். தொடையில் குத்தக்கூடாதே!

இதைப் பார்த்த பெயிண்டர் மாமா, "எனக்கும் டப்பா மாட்ட ஒண்ணு பண்ணுடா" என்கிறார். அவர் குனிந்தாலும் டப்பா சாயக்கூடாது. கொக்கியே ஆடுற மாதிரி யோசிச்சுட்டு இருக்கேன்.