பதினைந்து இலக்கங்கள்

பேராதனைக்குப் படிக்கச் செல்லும் மகளுக்குக் கைத்தொலைபேசி ஒன்று வாங்கும்பொருட்டு, திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் சென்றோம். எம் பழைய மாணவர் ஒருவர் அங்கே சிறு கடை வைத்திருக்கிறார். எந்தக் கம்பனிக்கும் முகவரல்லர். வெளிநாட்டிலிருந்து வருவோர் கொணரும் கருவிகளை வாங்கி விற்பவர்.

“இது பூட்டில்லாத போன், சேர். எந்தச் சிம்மும் வேலை செய்யும்” என்றார். பிறநாட்டுக் கம்பனிகள் சில, தவணைக்கு விற்கும் கருவியைத் தம் சிம்முக்கே பூட்டிவிடுவதுண்டு. எமது சிம்மை இட்டுப் பார்த்தோம், பேசிற்று. விலையும் வாத்தியார் சம்பளத்துக்கு அடங்கியதே!

ஆயினும் இன்னொரு சோதனை உண்டு. *#06# என அழுத்தினால் கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தோன்றும். அதனை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் உள்ளதா என்று பதில் வரும். 2025 சனவரி 28 முதல், பதிவற்ற புதிய கருவிகளுக்கு வலையமைப்பில் இடமில்லையென ஆணைக்குழு அறிவித்திருந்தது. இன்று பேசுவது நாளை ஊமையாகலாம். ஆனால், படிப்பித்த பிள்ளையை எதிரே வைத்துக்கொண்டு அவர் பொருளைச் சோதிக்க எமக்குக் கை எழவில்லை. காசை எண்ணத் தொடங்கினோம்.

அவரே தடுத்தார். “விடையைச் சரிபார்க்காமல் தாளைக் குடுக்கக்கூடாது எண்டு சொன்னது நீங்கள்தானே, சேர்?”

அனுப்பினோம். பதிவில் இல்லையென்று பதில் வந்தது.

அவர் முகம் வாடிற்று. தாமும் முழுக்காசு கொடுத்தே வாங்கியதாகச் சொன்னார், நம்பினோம். பின் அக்கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வையாது, மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். மகள் எமது பழைய போனுடன் பேராதனைக்குப் புறப்பட்டாள்.