வேனுக்கு லித்தியம் பெட்டரி போடப் போறீங்களா? முதல்ல ஒரு கணக்குப் போடுங்க



பொத்துவில், அறுகம்பே பக்கம் வேனைப் படுக்கை, பிரிட்ஜ் எல்லாம் வெச்சு மாத்தி, சேர்ஃபிங் வாற வெள்ளைக்காரருக்கு வாடகைக்குக் குடுக்கிற ஆக்கள் இப்ப கூடிட்டாங்க. அவங்களுக்குள்ள ஓடுற பெரிய கதை, "லெட் எசிட் பெட்டரிய மாத்தி லித்தியம் போடுறதா, வேணாமா?" என்றதுதான். என்ட ராத்தாட மாப்பிள்ள, மச்சான், போன சீசனுக்கு முன்னால அவர்ட டொல்பின் வேனுக்கு இத மாத்தினார். கணக்குப் பார்க்க என்னையும் கூட்டிட்டுப் போனதால, விளங்கினத எழுதுறன். காசு போட முன்னால வாசிங்க.

மச்சான்ட வேன்ல 100 அம்பியர்-மணி லெட் எசிட் பெட்டரி ரெண்டு இருந்தது. ஒன்றரை சீசன்ல ரெண்டும் செத்துட்டு. நடுச்சாமத்தில பிரிட்ஜ் நின்று, விடியக்குள்ள மீனும் பட்டரும் பழுதாகி, வாடகைக்கு எடுத்தவங்க ரெண்டு நாள் காச திருப்பிக் கேட்ட சம்பவமும் நடந்தது. ஆறு மாச சீசன் உழைப்புலதான் வருஷம் முழுக்க அந்தக் குடும்பம் ஓடணும். அதால இது விளையாட்டுக் காசில்ல.

அந்தப் பெட்டரிகள் ஏன் செத்தது? லெட் எசிட்ட பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா ஆயுள் குறையும். அதவிட மோசம், முழுசா ஏத்தாம வெச்சிருக்கிறது. 80 சதவீதம் வரை ஓரளவு வேகமா ஏறும். மிச்சம் 20க்குப் பல மணித்தியாலம் வேணும். கடற்கரையில மர நிழல்ல மூணு நாள் நிற்கிற வேனுக்கு அந்த நேரம் கிடைக்கிறல்ல. பாதி ஏறின நிலையிலேயே கிடந்து ஈயத் தகட்டில சல்பேற்று படிஞ்சு இறுகிட்டு. தரம் 11 பிள்ளைகளுக்கு நாங்க படிப்பிக்கிற அதே இரசாயனம்தான்.

கடையில என்ன சொன்னாங்க? "ரெண்டு லித்தியம் எடுங்க. பழையத்த கழட்டிட்டு அதே இடத்தில பூட்டினா சரி, வேற ஒண்டும் செய்யத் தேவல்ல." இந்த ரெண்டு வசனமுமே பிழை.

முதலாவது, எத்தின வேணும் என்ற கணக்கு. ஒரு நாளைக்கு பிரிட்ஜ் 45 வாட், பாதி நேரம் ஓடுது என்று வெச்சா 540 வாட்-மணி. 15 வாட் ஃபேன் ரெண்டு 8 மணித்தியாலத்துக்கு 240. லைட்டுக்கு 60. ஃபோன், லெப்டொப் 160. மொத்தம் 1000. பழைய ரெண்டு பெட்டரியும் சேர்த்து 2400, ஆனா பாவிக்கக் கூடியது பாதி, 1200. லித்தியம் 100 அம்பியர்-மணி ஒன்றில 1280 இருக்கு. அதில 90 சதவீதம் எடுத்தாலும் ஏறத்தாழ 1150. அப்ப ரெண்டுக்குப் பதிலா ஒன்று போதும். ரெண்டு பழசும் 55 கிலோவுக்கு மேல, புதுசு ஒன்று 12 கிலோ மாதிரி. கூரையில இருக்கிற 200 வாட் பெனலும் வெயில்ல நின்றா பெரும்பகுதிய திருப்பி ஏத்திடும்.

மிச்சம் பிடிச்ச சல்லி எங்க போகணும் என்றதுதான் ரெண்டாவது விஷயம். பெட்டரிய மட்டும் மாத்தினா வேல முடியல்ல.

ஓல்டனேட்டர்: லித்தியத்தின்ட உள் தடை மிகக் குறைவு. நேரடியாப் பூட்டினா ஓல்டனேட்டர் குடுக்கக் கூடிய முழு மின்னோட்டத்தையும் மணிக்கணக்கில இழுக்கும். வேன் நின்று எஞ்சின் மட்டும் மெதுவா ஓடுற நேரம் காத்தும் குறைவு, ஓல்டனேட்டர் சூடேறி எரியலாம். பெட்டரிக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்கிட், அதைத்தான் பி.எம்.எஸ். என்று சொல்லுவாங்க, அது திடீரென்று வெட்டினா வோல்ட் பாய்ஞ்சு டயோடும் போகலாம். இடையில ஒரு டிசி-டிசி சார்ஜர் போட்டா அது அளவாத்தான் எடுக்கும். மச்சான் போட்டது 30 அம்பியர். மொனராகலை வரை ஒன்றரை மணித்தியாலம் ஓடினா 45 அம்பியர்-மணி, கிட்டத்தட்ட பாதி ஏறிடும். எஞ்சின் ஸ்டார்ட் பண்ற பெட்டரி பழைய மாதிரி லெட் எசிட்டாவே இருக்கட்டும்.

சோலார் கொன்ட்ரோலர்: லித்தியத்துக்கு மாத்தி செட் பண்ணணும். 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள்ள, பெட்டரிக் கொம்பனி சொல்ற அளவு. லெட் எசிட்டுக்குரிய "ஈக்வலைஸ்" வசதிய கட்டாயம் நிப்பாட்டணும். அது 15 வோல்ட்டுக்கு மேலேயும் போகும்.

வயரும் பியூசும்: 1000 வாட் இன்வேர்ட்டர், 12 வோல்ட். நட்டத்தையும் சேர்த்தா ஏறத்தாழ 95 அம்பியர். மின்னோட்டம் ரெண்டு மடங்கானா வயர்ல சூடு நாலு மடங்கு. அதால இன்வேர்ட்டருக்குக் கிட்டத்துல 35 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டோம். பிளஸ் முனையில இருந்து ஒரு சாணுக்குள்ள பியூஸ் இருக்கணும். லித்தியம் சோர்ட் ஆனா வாற மின்னோட்டம் பயங்கரம். அத வெட்டக் கூடிய தரமான பியூஸ் கேட்டு வாங்குங்க. பி.எம்.எஸ். தொடர்ந்து 100 அம்பியராவது தாங்குமா என்றும் பாருங்க.

மீற்றர்: லித்தியத்தின்ட வோல்ட் கடைசி வரை 13ஐச் சுத்தியே நிற்கும். வோல்ட் மீற்றரப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லேலா. போற வாற அம்பியர எண்ணுற சன்ட் மீற்றர் ஒன்று வேணும்.

"லித்தியம் வெடிக்காதா?" என்று ராத்தா பயந்தா. நியாயமான கேள்வி. இது ஃபோன்ல இருக்கிற வகையில்ல, லித்தியம் இரும்பு பொஸ்பேற்று. 1997ல குட்இனஃப் என்ற விஞ்ஞானிட ஆய்வுகூடத்தில இருந்து வந்தது. சூட்டுக்கு மற்ற லித்தியம் வகைகள விட நல்லாத் தாங்கும். ஆனா தீ வாறது பெரும்பாலும் லூசான முனையில இருந்தும் மெல்லிய வயர்ல இருந்தும்தான். டொல்பினுக்கு எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழ. அதுக்குக் கிட்ட பெட்டரிய வெக்காதீங்க. 45 பாகைக்கு மேல சூட்டில சார்ஜ் பண்றது கூடாது. நாங்க பின்பக்கம் கட்டிலுக்குக் கீழ, காத்து போற மாதிரி வெச்சம்.

விலை? எங்களுக்குச் சொன்ன விலைப்படி ஒரு லித்தியம், ரெண்டு லெட் எசிட்ட விடக் கூட. ஆனா லெட் எசிட் பாதியளவு பாவிச்சா 300, 500 தரம். இது 2000 தரத்துக்கு மேல. சீசனுக்கு 180 நாள் என்று நீங்களே பிரிச்சுப் பாருங்க. வருஷத்தில நாலு நாள் மட்டும் வேன் எடுக்கிற ஆளுக்கு இது தேவல்ல. லெட் எசிட்டே போதும், ஒழுங்கா முழுசா ஏத்தி வெச்சாச் சரி.

கடைசியா ஒன்று. பழைய பெட்டரிய வீட்டு முத்தத்தில உடைக்காதீங்க, எசிட்ட மண்ணுல ஊத்தாதீங்க. ஈயம் சின்னப் புள்ளைகள்ட மூளையப் பாதிக்கும், போன பிறகு திருத்தேலா. முழுசாக் கொண்டுபோய் பெட்டரிக் கடையில குடுங்க, நிறைக்குக் காசு தருவாங்க.

வேனோ, ஓட்டோவோ, வீட்டு இன்வேர்ட்டரோ, கடைக்குப் போக முன்னால என்னென்ன சாமான், எத்தின வாட், எத்தின மணித்தியாலம் என்று ஒரு கொப்பித் தாள்ல எழுதுங்க. விளங்கல்லன்னா கீழ கொமன்ட்ல போடுங்க. ஸ்கூல் விட்டு வந்து இருந்து கணக்குப் பார்த்துச் சொல்றன், இன்ஷா அல்லாஹ்.