அப்பாவின் சிட்டையும் என் ரெய்டும்

ரெய்டுன்னு சொன்னா எங்க வகுப்புல பாதிப் பேருக்கு வருமான வரித்துறைதான் ஞாபகம் வரும். பி.காம் புத்தி அப்படி :-) நான் சொல்ல வர்றது கம்ப்யூட்டர் ரெய்டு.

1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்குக்குப் பதிலா, மலிவான சின்ன டிஸ்குகளைக் கூட்டுச் சேர்க்கலாமே, ஒண்ணு போனாலும் தகவல் தப்பிக்கிற மாதிரி உபரியும் வச்சுக்கலாமேன்னு. அதுல இருந்த வகைகள் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும்தான். ரெய்டு பூஜ்யம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. பேருக்கேத்த மாதிரி அதுல உபரியும் பூஜ்யம்.

வீட்ல சும்மா கிடந்த ரெண்டு 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பழைய மதர்போர்டு. எஸ்எஸ்டி வாங்கக் காசில்லை. விட்டேனா?

வேலை சுலபம்தான். ரெண்டையும் சாட்டா கேபிள்ல மாட்டி, பயாஸ்ல சாட்டா மோடை ரெய்டுன்னு மாத்தணும். மறுபடி கிளம்பும்போது கன்ட்ரோல்-ஐ அமுக்கினா இன்டெல் மெனு வரும் (புது போர்டுகள்ல இது பயாஸுக்குள்ளேயே இருக்கும்). ரெய்டு பூஜ்யம், ஸ்ட்ரைப் 128 கேபின்னு தேர்ந்தெடுத்தேன். "டிஸ்குல இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்"னு எச்சரிக்கை வந்தது. சரின்னேன். எக்ஸ்பி காலத்துல இதுக்கு எஃப்6 அமுக்கி ஃப்ளாப்பியில டிரைவர் வேற கொடுக்கணுமாம். நான் தப்பிச்சேன்.

உள்ளே நடக்கிறது இதுதான். ஃபைலை 128 கேபி துண்டா நறுக்கி, முதல் துண்டு இந்த டிஸ்குல, அடுத்தது அந்த டிஸ்குல. ரெண்டும் ஒரே நேரத்துல படிக்கிறதால பெரிய ஃபைல் காப்பி பண்ண எனக்குக் கிட்டத்தட்ட இரட்டை வேகம். ஆனா விண்டோஸ் கிளம்புற நேரம் அவ்வளவா குறையலை. சின்னச் சின்ன ஃபைல்களுக்கு ஹார்ட் டிஸ்கோட தலை அங்கேயும் இங்கேயும் ஓடுற நேரம்தான் அதிகம், அதை ரெய்டு பாதியாக்காது.

இப்ப நம்ம பாடத்துக்கு வருவோம். 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 42: வேற ஒப்பந்தம் இல்லைன்னா, ஒரு கூட்டாளி இறந்தா நிறுவனமே கலைஞ்சிடும். ரெய்டு பூஜ்யம் அந்த ஜாதி. ஒரு டிஸ்க் வருஷத்துல சாக 5% வாய்ப்புன்னு வச்சுக்கோங்க. ரெண்டும் உயிரோட இருக்க 0.95 x 0.95, அதாவது 90.25%. ஆபத்து 9.75%. வேகம் இரட்டிப்பு, ரிஸ்க்கும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பரீட்சையில கேட்டிருந்தா முழு மார்க் வாங்கியிருப்பேன்.

ஆனா அப்பாவோட கடைக் கணக்கு டேலி ஃபைலை அதே டிஸ்குலதான் வச்சிருந்தேன்.

ஏழாவது மாசம் ஒரு ராத்திரி டிக் டிக்குனு சத்தம். ரீஸ்டார்ட் பண்ணேன். ஒரு டிஸ்க்கைக் காணோம், சிவப்பு எழுத்துல "ஃபெயில்ட்". இன்னொரு டிஸ்க் நல்லாத்தான் இருந்தது. பாதிப் பாதியா நறுக்கின கணக்கை வச்சு என்ன பண்றது? ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட ஒன்பது நாள்தான். பென் டிரைவ்ல நான் எடுத்த பேக்கப் நாலு மாசம் பழசு.

காலையில தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா திட்டலை. கல்லாப்பெட்டிக்குக் கீழேயிருந்து நாலு நீள நோட்டை எடுத்து மேசையில வச்சார். "அதான் சிட்டை இருக்கேடா."

கம்ப்யூட்டர் வந்தப்புறமும் தினமும் கடை அடைச்சுட்டு கையால எழுதிட்டுத்தான் வருவார். "ஒரே வேலையை எதுக்குப்பா ரெண்டு தடவை பண்றீங்க"ன்னு நான் கிண்டல் பண்ணது எத்தனையோ தடவை. டிஸ்க் உலகத்துல அதுக்குப் பேரு ரெய்டு ஒண்ணு: ஒரே தகவல், ரெண்டு இடத்துல.

ஆறு ராத்திரி அவர் வாசிக்க, நான் டைப் அடிச்சேன். ரிட்டர்ன் தேதிக்குள்ள போயிடுச்சு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் நிறுத்தி, "மெதுவா அடிடா, வேகம் எல்லாம் வேண்டாம்"னார். அவ்வளவுதான் திட்டு.

பி.கு: இப்ப அந்த மெஷின்ல ஒரே ஒரு எஸ்எஸ்டி. பேக்கப் ஞாயிறுதோறும். சிட்டை தினமும்.