தோட்டத்து வண்டியும் அதன் மூச்சும்

குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்து ஜொகூர்த் தோட்டங்களை அறிந்த நம்மவர்க்கு ஹைலக்ஸ் வண்டியை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உரமூட்டையும் தளவாடமும் ஏற்றிச் செல்லும் அவ்வண்டியை ஓட்டுவோர் பலர் உளர். அதன் இயந்திரத்தை அறிந்தோர் சிலரே. அறிந்து ஆவதென்ன என்று கேட்போர்க்கே இதனை எழுதுகிறோம்.

முன்னாளைய ஹைலக்ஸில் இருந்த 2 எல் என்னும் டீசல் இயந்திரத்தின் கொள்ளளவு 2,446 கன சென்டிமீட்டர். குதிரைத் திறனோ நூற்றுக்கும் குறைவு. டொயோட்டா 2015இல் வெளியிட்ட ஜி.டி. குடும்பத்தில் இளையதாகிய 2 ஜி.டி.யின் கொள்ளளவு 2,393 மட்டுமே, திறன் 150. உடல் சுருங்க வலிமை பெருகிய விந்தை யாது? மந்திரமன்று. காற்று மிகுந்தால் எண்ணெயும் மிகுதியாக எரியும். பழைய இயந்திரம் தான் இழுத்த காற்றோடு நின்றது. டர்போவிலோ, வீணே வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியறிஞர் ஆல்பிரட் பூக்கி 1905இலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை கோரினார். எண்ணெயைப் பேரழுத்தத்தில் நுண்துளிகளாகத் தூவும் காமன்ரெயில் முறையும் இன்று அதற்குத் துணை.

நம் கவலை இனிமேல்தான். அச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லவை. அச்சைத் தாங்குவது இயந்திர எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. ஆயுத பூசையன்று வண்டிக்கு மாலையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் நம் தோழர், எண்ணெய் மாற்றும் நாளை மட்டும் மறந்துவிடுகிறார். எலுமிச்சஞ்சாறு டர்போவுக்குப் போய்ச் சேர்வதில்லையே! பாரமிழுத்து மேடேறி வந்தவுடன் அணைத்துவிடுவதும் கேடு. எண்ணெயோட்டம் நின்று, சூடான அச்சில் எஞ்சியது கருகும். ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைத்தால் அதற்குப் பெருஞ்செலவில்லை. டர்போ பழுதானாலோ, சொந்த வண்டியில் காய்கறி விற்றுப் பிழைக்கும் குடும்பம் கடனுக்கு நிற்கும்.

நம்மவர் குனிந்து உதிரி பொறுக்கிய செம்பனையும் இவ்வியந்திரத்தில் எரிகிறது. 2019இல் மலேசியப் போக்குவரத்து டீசலில் 100க்கு 10 பங்கு செம்பனை எரிபொருள் கலக்கலாயிற்று. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபின், அடைபட்ட காற்று வடிகட்டியோடு ஓட்டுவது பணத்தைக் கொளுத்துவதாகும்.

கரும்புகை கக்கும் வண்டியைப் பலசாலி என்று மெச்சுவார் இன்னும் உளர். அது காற்றுப் பற்றாமல் எண்ணெய் பாழாவதன் அடையாளம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசற்புகையைப் புற்றுநோய் விளைப்பதென்று உறுதியாக வகைப்படுத்தியது. அப்புகைக்குப் பின்னே பள்ளிக்கு நடப்போர் நம் குழந்தைகள்.